1:12 ஏற்றத்துல பல்சக்கரம் நழுவுது: மலை ரயிலை பிரிக்ஸ்ல கட்டினவங்க சொல்லுங்க

கேத்தி_பிரிக்ஸ் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரி மலை ரயிலோட கல்லாறு - குன்னூர் பல்தண்டவாளப் பகுதியை (எஞ்சினோட பல்சக்கரம் நடுவுல இருக்கிற பல்சட்டத்தைக் கவ்வி ஏறுற இடம்) லெகோவுல ஓடுற மாடலா கட்டிட்டிருக்கேன். நாலடி மேசை, 9 நேர் ட்ராக், அடியில தூண்கள். இப்ப இருக்கிற நிலைமை இது:

தூண்களை பேஸ்பிளேட்ல (அடித்தட்டு) 16 ஸ்டட்டுக்கு (பிரிக் மேல இருக்கிற குமிழ், ஒண்ணுக்கு 8 மிமீ) ஒண்ணுன்னு நட்டு, ட்ராக்கை அதுமேல அழுத்திப் பொருத்தியிருக்கேன். ஒவ்வொரு தூணும் முந்தினதை விட 1 பிரிக் உயரம். நடுவுல 1×4 கியர் ரேக் (பல் வெச்ச சட்டம், பாகம் எண் 3743) ஒரே வரிசை, ஜம்பர் பிளேட் (அரை ஸ்டட் தள்ளிப் பொருத்த உதவுறது) வெச்சு மையத்துக்குக் கொண்டு வந்தது. எஞ்சின்ல முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் 12 ஸ்டட் தூரம். சரியா நடுவுல 8 பல் கியர்.

பிரச்சினை மூணு. ஏற்றம் தொடங்குற இடத்துல கியர் அந்தரத்துல சுத்துது. ஏறின பிறகு ட்ராக் ஜாயின்ட் வர்ற இடத்துல 'டக்'னு ஒரு பல் தாவுது. உச்சியில சமதளத்துக்குத் திரும்பும்போது சக்கரம் தண்டவாளத்தை விட்டு எழும்புது. கணக்குப்படி என் ஏற்றம் 1:13.3 தான் (13.3 மிமீ போனா 1 மிமீ ஏறும்). உண்மையான பாதை மாதிரி 1:12 துல்லியமா வரவைக்க முடியுமா? அப்படியே நிஜப் பாதையோட ஆப்ட் முறையில இருக்கிற மாதிரி ரெண்டு பல்சட்டம் வைக்க வழி இருக்கா?

ரன்னிமேடு_தூண்:

தம்பி, மூணு பிரச்சினைக்கும் காரணம் வேற வேற. ஒண்ணொண்ணா பார்ப்போம்.

முதல்ல 1:12. இது நம்ம அளவுமுறையிலேயே அழகா உட்காருது. நேர் ட்ராக் 16 ஸ்டட், அதாவது 128 மிமீ. ஒரு பிளேட் 3.2 மிமீ, மூணு பிளேட் சேர்ந்தா ஒரு பிரிக் உயரம். மூணு ட்ராக் சேர்ந்தா 384 மிமீ. அதை 12-ஆல வகுத்தா 32 மிமீ. அது சரியா 10 பிளேட். அதனால ஏற்றத்தை 3, 3, 4 பிளேட்னு மாத்தி மாத்தி வைங்க. எல்லாத்துக்கும் 3 வெச்சா உங்களுக்கு வந்த 1:13.3, எல்லாத்துக்கும் 4 வெச்சா 1:10. ரெண்டும் கலந்தாதான் பன்னிரண்டு.

அடுத்தது அடிவாரம். சமதளத்திலிருந்து ஒரே ஜாயின்ட்ல முழு ஏற்றத்துக்குப் போறீங்க. எஞ்சினோட முன்சக்கரம் சரிவுல, பின்சக்கரம் சமதளத்துல நிக்கும்போது, நடு உடம்பு பள்ளத்துக்கு மேல பாலம் போட்ட மாதிரி தூக்கி நிக்கும். உங்க 12 ஸ்டட் அச்சுத்தூரத்துக்கு (96 மிமீ) நடுவுல கிட்டத்தட்ட 1.8 மிமீ இடைவெளி வரும்; முழு 1:12 வெச்சா 2 மிமீ. லெகோ கியர் பல்லோட ஆழமே ஏறக்குறைய அவ்வளவுதான். கியர் வெளியே வந்துடுது, அந்தரத்துல சுத்துது. உச்சியில இதே கணக்கு தலைகீழ்: நடு உடம்பு மேட்டுல உட்காருது, கியர் ரேக்கை அழுத்துது, சக்கரம் எழும்புது.

தீர்வு: வளைவைப் பிரிச்சுக் கொடுங்க. முதல் ட்ராக் 1 பிளேட், ரெண்டாவது 2, மூணாவது 3 ஏறட்டும். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கோணம் 1.4 டிகிரிதான் மாறும், இடைவெளி 0.6 மிமீக்குள்ள அடங்கும், பல் பிடியிலேயே இருக்கும். அப்புறம் 3, 3, 4. உங்க ஒன்பது ட்ராக்குக்கு தூண் உயரம் பிளேட் கணக்குல இப்படி வரும்: 1, 3, 6, 9, 12, 16, 19, 22, 26. உச்சியிலயும் இறங்குமுறையில 3, 2, 1 கொடுக்கணும். அதுக்கு மேசையில இடம் இல்லேன்னா கடைசி ட்ராக்கை சரிவுலயே முடிச்சு, ஒரு குகை வாயில் வெச்சு மறைச்சிடுங்க. அந்தப் பாதையில 16 குகை இருக்கு, உறுத்தாது.

இன்னொண்ணு, கியரை எஞ்சின் நடுவுல வைக்காதீங்க. ஏதாவது ஒரு அச்சுக்கு ஒட்டி, ஒரு ஸ்டட் ரெண்டு ஸ்டட் தள்ளி வைங்க. சக்கரம் தண்டவாளத்துல இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல கியர் இருந்தா, அதோட உயரம் சக்கரத்தோட உயரத்தையே பின்தொடரும்.

மூணாவது, ஜாயின்ட்ல தாவுறது. இதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். ட்ராக் சரிவா போகும்போது அதோட நீளம் 128 மிமீதான். ஆனா தரையில அது மறைக்கிற தூரம் அதைவிடக் கொஞ்சம் குறைவு. 3 பிளேட் ஏறுற ட்ராக்ல 0.36 மிமீ, 4 பிளேட் ட்ராக்ல 0.64 மிமீ குறையும். மேல சொன்ன ஒன்பது ட்ராக்குக்கும் கூட்டினா 3.3 மிமீ, கிட்டத்தட்ட அரை ஸ்டட். நீங்க தூணை 16 ஸ்டட் கட்டத்துல நட்டு ட்ராக்கையும் அழுத்திப் பொருத்தினதால, அந்தக் குறை முழுக்க ஜாயின்ட்ல வாயைப் பிளந்துட்டு நிக்குது. ரேக்ல ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் 3.2 மிமீ. ஜாயின்ட் முக்கால் மிமீ விலகினாலே கால் பல் தூரம் போச்சு, தாவத்தான் செய்யும்.

அதனால ட்ராக்கைத் தூண்ல பொருத்தக்கூடாது, படுக்க வைக்கணும். தூண் தலையில 4×10 பிளேட் (3030). அதோட நடுவுல, பாதைக்குக் குறுக்கா, ரெண்டு ஸ்டட் அகலத்துக்கு மட்டும் 2×4 டைல் (ஸ்டட் இல்லாத வழுவழுப்பான தட்டு) ரெண்டு (87079). ரெண்டு ஓரத்துலயும் ஒரு 1×4 பிரிக் (3010) காவலா நிக்கட்டும். ட்ராக் 8 ஸ்டட் அகலம், காவலுக்கு நடுவுல சரியா உட்காரும், நீளவாக்குல வழுக்கும். டைலை தலை முழுக்கப் போட்டுடாதீங்க. சரிவான ட்ராக் அப்ப தூணோட கீழ் விளிம்புல மட்டும் தொட்டு ஆடும். ரெண்டு வரிசை போட்டா மிச்சம் இருக்கிற ஸ்டட் டைலை விட ஒன்றரை மிமீ தாழ்வு, இடிக்காது.

அடிவார முனையை மட்டும் பேஸ்பிளேட்டோட இறுக்கிப் பூட்டுங்க. எடை முழுக்கக் கீழ்நோக்கித் தள்ளும், அதனால ஜாயின்ட் எல்லாம் தானா இறுகும். மேல்முனையைப் பூட்டினா நேர்மாறு, எல்லா ஜாயின்ட்டும் தொங்கி விலகும்.

அரவங்காடு_கியர்:

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ரெண்டு பல்சட்டம் பத்தி நான் சொல்றேன்.

ஆப்ட் முறையில ரெண்டு சட்டம் பக்கத்துல பக்கத்துல ஓடும். ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா வரும், அதாவது அரைப் பல் தள்ளி. ஒரு கியர் பல்லை விடும்போது இன்னொண்ணு பிடிச்சிட்டிருக்கும். ஜம்பர் பிளேட் வெச்சு ஒத்தை ரேக்கை மையத்துக்குக் கொண்டு வர நீங்க பட்ட பாடே வேண்டாம். ட்ராக்ல ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 4 ஸ்டட் இருக்கு. நடு ரெண்டு ஸ்டட்ல ஆளுக்கொரு வரிசையா ரேக் வைங்க, மையம் தானா வந்துடும்.

இதுல ஒரு அருமையான விஷயம் இருக்கு. 1×4 ரேக்ல 4 ஸ்டட்டுக்கு 10 பல். அப்ப ஒரு ஸ்டட்டுக்கு இரண்டரைப் பல். ஒரு வரிசையை மத்ததை விட ஒரே ஒரு ஸ்டட் தள்ளி ஆரம்பிச்சா, பல்லு தானாவே அரைப் பல் மாறி நிக்கும்! எந்தத் தந்திரமும் வேண்டாம். மேலிருந்து பார்த்தா அச்சு அசல் குன்னூர் ஸ்டேஷன்ல பார்க்கிற பல்சட்டம்.

ஆனா ஒரே அச்சுல ரெண்டு 8 பல் கியரைக் கோத்து ரெண்டு வரிசையையும் ஓட்டலாம்னு நினைக்காதீங்க. அச்சு கூட்டல்குறி வடிவம். கியரை 90 டிகிரி திருப்பித்தான் மாட்ட முடியும். 8 பல்லுக்கு 90 டிகிரின்னா ரெண்டு முழுப் பல். 16 பல் கியர்ல நாலு, 24 பல் கியர்ல ஆறு. எதுலயும் அரைப் பல் கிடைக்காது, ரெண்டும் ஒண்ணையொண்ணு பூட்டிக்கும். அதனால ஒரு வரிசைதான் ஓட்டும், இன்னொண்ணு தோற்றத்துக்கு.

ஓட்டுற வரிசை ட்ராக் முனையிலேயே தொடங்கி ட்ராக் முனையிலேயே முடியட்டும், ட்ராக்குக்கு 4 ரேக். தள்ளி வைக்கிற வரிசை ஒவ்வொரு ஜாயின்ட்டையும் ஒரு ஸ்டட் தாண்டி அடுத்த ட்ராக்ல பிடிக்கும். 1.4 டிகிரி கோணத்துல அந்த ஒரு ஸ்டட்டுக்கு 0.2 மிமீதான் தூக்கும், பிடிச்சுக்கும். ஜாயின்ட் விலகாம இருக்க அதுவே கொக்கி மாதிரி உதவும். ஸ்லீப்பர்களுக்கு நடுவுல ஸ்டட் கிடையாதுங்கிறதால ரேக்குக்கு அடியில ட்ராக்குக்கு ஒரு 2×16 பிளேட் (4282) போடுங்க. இல்லேன்னா கியர் அழுத்துற இடத்துல ரேக் தொய்யும்.

ரேக் எண்ணிக்கை: சரிவுல 9 ட்ராக், அடிவாரத்துலயும் உச்சியிலயும் சமதளத்துல ஒவ்வொண்ணு, மொத்தம் 11. வரிசைக்கு 44, ரெண்டுக்கும் 88. சமதளத்துலயும் ரேக் எதுக்குன்னா, கியர் முழுசா கவ்வின பிறகுதான் ஏற்றமே தொடங்கணும். உச்சியைக் குகையில முடிச்சா 80 போதும்.

இப்ப ஓட்டம். ட்ரெயின் மோட்டார் (88011) சக்கரத்தைச் சுத்தும். கியரும் அதே அச்சுல சுத்தினா ரெண்டோட வேகமும் ஒத்துப்போகாது. 8 பல் கியர் ஒரு சுற்றுக்கு 25.6 மிமீ நகரும், சக்கரம் அதைவிட ரொம்பத் தூரம் போகும். ஒண்ணு இழுக்க ஒண்ணு தேய்க்கும். நிஜ மலை ரயிலோட எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின்ல சுவிட்சர்லாந்துக்காரங்க இதைத்தான் நாலு சிலிண்டரா பிரிச்சாங்க: உயர் அழுத்த சிலிண்டர் ரெண்டு சக்கரத்துக்கு, அந்த நீராவியையே வாங்கி ஓடுற தாழ் அழுத்த சிலிண்டர் ரெண்டு பல்சக்கரத்துக்கு. நம்ம மாடல்ல சக்கரம் எல்லாத்தையும் சும்மா உருள விட்டு, பல்சக்கரத்தை மட்டும் ஓட்டுங்க.

வார்ம் கியரை (திருகு மாதிரிப் பல் சுத்தின கியர்) மோட்டார் அச்சுல போட்டு, பல்சக்கர அச்சுல இன்னொரு 8 பல் கியரால அதைப் பிடிச்சா, மோட்டார் ஒரு சுற்று = ரேக்ல ஒரு பல் = 3.2 மிமீ. கரண்ட் நின்னாலும் வார்ம் பின்னோக்கிச் சுத்தாது, வண்டி சரிவுல அப்படியே நிக்கும். இதுக்காகவே வார்ம் போடணும்னு சொல்வேன். வார்ம் அச்சுல வழுக்கி நகரும், ரெண்டு பக்கமும் அரை புஷ் (அச்சுல மாட்டுற சின்ன வளையம்) போட்டு அடைக்க மறக்காதீங்க. மறந்தா மோட்டார் சுத்தும், வண்டி நிக்கும், காரணம் புரியாம எல்லாத்தையும் பிரிப்பீங்க.

கியருக்கும் ரேக்குக்கும் உயரம் சரியான்னு பார்க்க: எஞ்சினை வெச்சு, பல்லுக்கு நடுவுல சாதாரண பிரிண்ட் தாள் ஒண்ணு நுழைச்சு இழுங்க. லேசா உரசி வரணும். கிழிஞ்சா இறுக்கம், தொடாம வந்தா தாவும்.

எஞ்சினைக் கீழ்ப்பக்கம் மாட்டுங்க, பெட்டிகளை மேல்நோக்கித் தள்ளட்டும். நிஜத்துலயும் அப்படித்தான். காந்தக் கொக்கி விட்டுப்போனாலும் பெட்டி எஞ்சின் மேல சாயும், கீழே ஓடாது.

கோத்தகிரி_கட்டை:

ஒரு சின்ன யோசனை: ஜாயின்ட்டுக்கு ஒரு சொட்டு பசை வெச்சா இந்த வழுக்குற ட்ராக் வேலையே வேண்டாமே?

ரன்னிமேடு_தூண்:

வேண்டாங்க. பசை பிரிக்கோட ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைச்சு ஒட்டும், பிறகு அந்த ட்ராக் வேற எதுக்கும் ஆகாது. முக்கியமா, 1.4 டிகிரி கோணத்துல ஒட்டினா அந்தக் கோணம் நிரந்தரம். நாளைக்கு மேசை மாத்தினா தூண் உயரத்தை மாத்த முடியாது. அடிமுனையைப் பூட்டினாலே போதும்.

கேத்தி_பிரிக்ஸ்:

ரெண்டு அண்ணன்களுக்கும் நன்றி. ஒரு ஸ்டட் தள்ளினா அரைப் பல்னு படிச்சதும் உடனே ரெண்டு ரேக் எடுத்து வெச்சுப் பார்த்தேன், அப்படியே நிக்குது. தூணுக்கு எத்தனை பிரிக் வாங்கணும்? கல் கட்டடம் மாதிரி தெரியணும். வாங்குறதுல கவனிக்க வேண்டியது என்ன?

ரன்னிமேடு_தூண்:

தூண் உள்ளீடு இல்லாம, வெளிச்சுவர் மட்டும் 4×8 அளவுல. ஒரு வரிசைக்குச் சுற்றளவு 20 ஸ்டட், 1×2 பிரிக் (3004) பத்து. வரிசைக்கு வரிசை ஒரு ஸ்டட் தள்ளி, கொத்தனார் செங்கல் அடுக்குற மாதிரி மூட்டு மாத்தி அடுக்குங்க. நேருக்கு நேர் அடுக்கினா மூலையில பிளந்துடும். ஒன்பது தூணுக்கும் பிரிக் வரிசை 0, 1, 2, 3, 4, 5, 6, 7, 8. மொத்தம் 36 வரிசை, 360 பிரிக். மிச்ச உயரத்துக்கு 4×8 பிளேட் (3035) ஆறு: முதல் தூணுக்கு ஒண்ணு, 16, 19, 22 வர்ற தூண்களுக்கு ஒவ்வொண்ணு, 26-க்கு ரெண்டு. தலைக்கு 4×10 பிளேட் ஒன்பது, டைல் 18, காவல் பிரிக் 18. தலையும் டைலும் சேர்ந்து எல்லாத் தூணுக்கும் பொதுவா ரெண்டு பிளேட் கூடுது. அதனால அடிவாரச் சமதளப் பாதையையும் ரெண்டு பிளேட் தூக்கிடுங்க, இல்லேன்னா முதல் ஜாயின்ட்லயே படி விழும்.

நிறம்: 360-ல 200 வெளிர் சாம்பல், 100 அடர் சாம்பல், மிச்சம் 60 கல்முகம் போட்ட 1×2 (98283). கல்முகத்தை வரிசையா வைக்காம சிதறலா, மூலைகள்ல கொஞ்சம் கூடுதலா வைங்க. அடர் சாம்பலை அடி மூணு வரிசையிலயும் தலைக்குக் கீழ் வரிசையிலயும் சேர்த்துக் குவிங்க, தண்ணி வழியிற இடம்தான் கல் கறுக்கும். பாசிக்கு ஆலிவ் பச்சையில 1×1 பிளேட் (3024) தூணுக்கு நாலஞ்சு, ஒரே பக்கமா. எல்லாப் பக்கமும் ஒட்டினா பாசி மாதிரி தெரியாது, பொட்டு வெச்ச மாதிரி தெரியும்.

சுத்துப்புறத்துக்கு ஒரு வார்த்தை. ஒன்பது ட்ராக்கும் கல்லாறு பக்கம்னு முடிவு பண்ணினா தேயிலை வைக்காதீங்க, அங்க பாக்குத்தோப்பும் காடும்தான். குன்னூருக்குப் பக்கத்துலன்னா தேயிலை சரி: 2×2 வட்ட பிளேட்டை ரெண்டு மூணா அடுக்கி, எல்லாப் புதரும் ஒரே உயரத்துல, கவ்வாத்து பண்ணின மாதிரி தட்டையா முடியணும்.

அரவங்காடு_கியர்:

வாங்குறது பத்தி. கிலோ கணக்குல பழைய பிரிக்ஸ் வாங்கினா ஒவ்வொரு ஸ்டட்லயும் பெயர் பொறிச்சிருக்கான்னு பாருங்க. லெகோவோடதுல கட்டாயம் இருக்கும். தூணுக்கு வேற கம்பெனி பிரிக் கலந்தாலும் பரவாயில்லை, ஆனா ஒரே தூணுக்குள்ள கலக்காதீங்க. பிரிக் உயரம் 9.6 மிமீ, இதுல 0.05 மிமீ வித்தியாசம் இருந்தா கையில தெரியாது, எட்டு வரிசை ஏறினா 0.4 மிமீ, தூண் சாயும். எட்டு பிரிக்கை அடுக்கி வெர்னியர்ல அளந்தா ஸ்டட் நீங்கலா 76.8 மிமீ வரணும். ரேக், கியர், வார்ம் மட்டும் கலப்படமே வேண்டாம்.

பெட்டிக்கு நீலமும் வெளிர் மஞ்சளும் எளிதா கிடைக்கும். ஸ்லீப்பருக்கோ மரத்துக்கோ பழைய செங்காவி பழுப்பு நிறம் வாங்கினா பார்த்து: 2000-களில் வந்த அந்த நிறமும் அடர் சிவப்பும் நாளானா நொறுங்கும். பழைய 1×2 பிளேட்டைக் கழட்டும்போதே ரெண்டா உடையும். அந்த நிறத்துல புதுசு மட்டும் வாங்குங்க.

கொடை_மூடுபனி:

கணக்கெல்லாம் சொல்லிட்டாங்க, நான் ஈரத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். தென்மேற்குல தப்பினாலும் ஐப்பசி கார்த்திகையில குன்னூர், கோத்தகிரி பக்கம் மூடுபனி வீட்டுக்குள்ளயே வந்துடும்.

ஏபிஎஸ் பிரிக்கை ஈரம் ஒண்ணும் பண்ணாது. பண்றது மத்ததை: அட்டைப்பெட்டி, செய்முறைப் புத்தகம், ஸ்டிக்கர், பேட்டரி முனை, பழைய ரயில் சக்கரத்தோட இரும்பு அச்சு. அட்டைப்பெட்டியைச் சுவரோட ஒட்டி வைக்காதீங்க, ஒரு சாண் தள்ளி மரப்பலகை மேல. பூஞ்சை முதல்ல பெட்டியோட ஒட்டுப்பசையில பிடிக்கும், அங்கிருந்து புத்தகத்துக்குப் போகும். புத்தகங்களைத் தனியா எடுத்து மூடி இறுகுற பிளாஸ்டிக் டப்பாவுல வைங்க. 20 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறுற வகை வாங்கினா, மாறினதும் அவன்ல 110-120 டிகிரியில ரெண்டு மணி நேரம் காயவெச்சு திரும்பப் போடலாம். ஜெல்லை மட்டும்தான், பிரிக் இருக்கிற டப்பாவை அடுப்புப் பக்கமே கொண்டு போகக்கூடாது.

பழைய பிரிக்ஸைக் கழுவினா தண்ணி 40 டிகிரிக்கு மேல போகக்கூடாது, பாத்திரம் கழுவுற சோப்பு ரெண்டு சொட்டு. மோட்டார், ஹப் (பேட்டரிப் பெட்டி), லைட் எதுவும் தண்ணியில படக்கூடாது. கழுவின பிறகுதான் இங்க சிக்கலே. 2×4 பிரிக் அடியில இருக்கிற குழாய்களுக்கு நடுவுல தண்ணி தங்கும், மேல தொட்டா காய்ஞ்ச மாதிரி இருக்கும். வலைப்பையில போட்டு நல்லா உதறி, துணி மேல ஸ்டட் மேல்பக்கம் இருக்கிற மாதிரி பரப்பி, மின்விசிறிக் காத்துல ரெண்டு நாள் விடுங்க. சமவெளியில ஒரு மத்தியானத்துல காயிறது இங்க மழைக்காலத்துல மூணு நாள் கூட ஆகும். ஈரத்தோட ஜிப் பையில அடைச்சா உள்ளே வாடை வரும், அச்சு போட்ட டைலும் மங்கும்.

பனிக்காக பீரோவுக்குள்ள பல்பு எரிய விடுற வீடுகள்ல அதே தட்டுல மாடலை வைக்காதீங்க. பல்புக்குப் பக்கத்துல இருக்கிற நீளமான பிளேட் வளையும், அதுலயும் உங்க 2×16 முதல்ல. ஜன்னல் வெயிலும் ஆகாது. மலை வெயில் குளிரா இருந்தாலும் புற ஊதா அதிகம், வெள்ளையும் வெளிர் சாம்பலும் மஞ்சளாகும். தூணோட ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறி நிக்கும்.

ஓட்டாத நாள்ல ஹப்ல இருக்கிற ஆறு பேட்டரியையும் கழட்டிடுங்க. எஞ்சினை ரேக் மேல நிறுத்தி வைக்காம இறக்கி வைங்க; மாசக்கணக்குல சரிவுல நின்னா வார்ம் பிடிச்சிருக்கிற அந்த ஒரு பல் மேலயே முழு எடையும் இருக்கும்.

கேத்தி_பிரிக்ஸ்:

தூணை எல்லாம் பிரிச்சுட்டு 1, 3, 6-னு திரும்ப ஆரம்பிச்சிருக்கேன். முதல் மூணு ட்ராக் முடிஞ்சது. கியரைப் பின் அச்சுக்கு ஒட்டி மாத்தினதும் அடிவாரத்துல அந்தரத்துல சுத்துறது நின்னுடுச்சு. தாள் சோதனையில உரசி வருது. உச்சியைக் குகையில முடிக்கிறேன், அதனால ரேக் 80-தான் வாங்கணும். இன்னும் 26 ரேக் வரணும். வந்ததும் முழு நீளத்துக்கு ஓட்டிப் பார்த்துட்டு படம் போடுறேன்.

அரவங்காடு_கியர்:

ரேக் வர்ற வரைக்கும் தோற்றத்துக்கான வரிசையை விட்டுட்டு ஓட்டுற வரிசையை முதல்ல முடிங்க. ஓட்டிப் பார்க்கும்போது மேலேறுறதை விட இறங்குறதைக் கவனிங்க. இறங்கும்போது வார்ம் எதிர்ப்பக்க புஷ் மேல சாயும், அந்தப் பக்கத்து அரை புஷ் தளர்வா இருந்தா அப்பதான் தெரியும்.